டிராம்போன் பேராசிரியர், பேண்ட் நடத்துநர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராம்போன் என்பது குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் பித்தளை ஊதுகருவி. பேண்ட் என்பது இங்கே ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த பெரிய குழு. டிராம்போன் கற்பிக்கும் பேராசிரியரே பேண்டையும் நடத்துவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சர்வ சாதாரணம். அதனால் கீழே உள்ள பதில்கள் அமெரிக்க நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. இந்தத் துறையில் நுழைய நினைக்கும் மாணவர்களும் அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

இது ஒரு வேலையா, இரண்டு வேலையா?

சம்பளம் ஒன்றுதான். வேலை இரண்டுக்கும் மேலே.

பெரிய இசைப் பள்ளிகளில் டிராம்போனுக்கு ஒரு பேராசிரியர், அதைவிடப் பெரிய பித்தளைக் கருவியான டியூபாவுக்கு ஒருவர், பேண்ட் துறைக்கு இயக்குநர், துணை இயக்குநர் என்று ஆள் பிரித்திருப்பார்கள். சிறிய பல்கலைக்கழகத்தில் டிராம்போன் மாணவர்கள் ஆறேழு பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம். அவர்களுக்காக மட்டும் ஒரு முழுநேரப் பேராசிரியரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. ஆகவே டிராம்போன், யூஃபோனியம் (சிறிய டியூபா போன்றது), டியூபா மூன்றையும் ஒருவர் தலையில் கட்டி, கூடவே இரண்டாம் பேண்டையோ ஜாஸ் பேண்டையோ கொடுத்துவிடுவார்கள். அதற்கும் மேலே நேரம் மிஞ்சினால் இசைக் கோட்பாட்டு வகுப்பு ஒன்று. பட்ஜெட்டுக்காகப் பிறந்த ஏற்பாடு இது, கலைக்காக அல்ல. இருந்தும் அது நன்றாகவே பொருந்திப் போனதற்கு இசை சார்ந்த காரணங்கள் உண்டு.

டிராம்போன்காரர்கள் நல்ல நடத்துநர்களாக வருகிறார்களே, அது தற்செயலா?

எல்லோரும் வருவதில்லை. ஆனால் தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது.

முதல் காரணம் காது. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுருதி ஏற்கெனவே தயாராக இருக்கும். கிளாரினெட்டில் துளைகள் உண்டு, டிரம்பெட்டில் வால்வுகள் உண்டு. டிராம்போனின் ஸ்லைடில், அதாவது இழுக்கும் குழாயில், ஒரு கோடு, ஒரு புள்ளி கூடக் கிடையாது. ஸ்லைடு நிற்கும் இடங்களை ஏழு பொசிஷன்கள் என்று பாடப்புத்தகம் வரிசைப்படுத்தினாலும், கை எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் காதுதான் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் இப்படி வாசித்தவருக்கு, அறுபது பேர் சேர்ந்து ஊதும்போது எந்த வரிசையில் சுருதி சரிந்தது என்று கண்டுபிடிப்பது பழகிய வேலை.

இரண்டாவது காரணம் காத்திருப்பு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் முதல் மூன்று பகுதிகளிலும் டிராம்போனுக்கு ஒரு ஸ்வரம் கூட இல்லை. நான்காவதில்தான் உள்ளே வருகிறது. பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் அதே கதை. சுமார் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, சூடில்லாத உதட்டோடு, கடைசிப் பகுதியில் மென்மையான ஒரு கோரல் (தேவாலயப் பாட்டு போன்ற மெதுவான இசை) வாசிக்க வேண்டும். (இசையமைப்பாளர்களுக்கு இரக்கம் இல்லை என்று டிராம்போன்காரர்கள் புலம்புவது வெறும் வேடிக்கைக்கு அல்ல.) அந்த அரை மணி நேரமும் அவர் மேடையின் பின்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே மொத்தக் குழுவையும் கேட்கிறார், நடத்துநரின் கையையும் பார்க்கிறார். எந்தக் கையசைவு பயன்படுகிறது, எது வெறும் நாடகம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

டொனால்ட் ஹன்ஸ்பர்கர் இதற்கு நல்ல உதாரணம். ஈஸ்ட்மன் இசைப் பள்ளியின் டிராம்போன் ஆசிரியர் எமரி ரெமிங்டனிடம் படித்தார், அமெரிக்க மரைன் பேண்டில் வாசித்தார், அப்புறம் 1965 முதல் 2002 வரை ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் என்ற ஊதுகருவிக் குழுவை நடத்தினார். ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் டிராம்போன் தனி வாசிப்பாளராகவே உலகம் சுற்றிவிட்டு, பிறகு நடத்துநராகவும் ஆனார்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

அமெரிக்க இசைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய இசைப் பள்ளிகள் சங்கத்தின் வழிகாட்டுதலில், தனிப்பாடம் மட்டுமே நடத்துபவருக்கு வாரம் 18 மணி நேரம் முழு வேலையாகக் கொள்ளப்படுகிறது. வகுப்பறைப் பாடம் மட்டும் என்றால் 12 மணி நேரம். அதாவது மூன்று மணி நேரத் தனிப்பாடம் இரண்டு மணி நேர வகுப்புக்குச் சமம். இரண்டும் கலந்து செய்பவருக்குத் துறைத் தலைவர் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுப்பார்.

ஆனால் கணக்கில் வராதவைதான் நேரத்தைத் தின்னும். வாரம் ஒருமுறை எல்லா மாணவர்களும் கூடி ஒருவர் முன் ஒருவர் வாசிக்கும் ஸ்டூடியோ வகுப்பு, டிராம்போன் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் டிராம்போன் கொயர், மாணவர்களின் தனிக் கச்சேரிகள், செமஸ்டர் முடிவில் ஆசிரியர் குழு முன் நடக்கும் ஜூரி தேர்வு, கமிட்டிக் கூட்டங்கள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அந்த வகை. இவற்றுக்கு நடுவே பேண்ட் ஒத்திகை வேறு. சொந்தப் பயிற்சிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அதிகாலைதான்.

இன்னொரு வேலையை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்: ஆள் பிடிப்பது. உயர்நிலைப் பள்ளி பேண்டுகளுக்குப் போய் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பது, அங்கே நன்றாக வாசிக்கும் பிள்ளைகளிடம் பேசுவது, ஆடிஷன் என்ற வாசிப்புத் தேர்வு நாளில் பெற்றோருக்குக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுவது. ஸ்டூடியோவில், அதாவது தன்னிடம் கருவி படிக்க, மாணவர் இல்லையென்றால் பதவியே ஆட்டம் காணும். பேண்டில் இரண்டாம் டிராம்போன் காலியாக இருந்தால் நடத்துநருக்கும் தலைவலி. இரண்டும் ஒரே ஆள் என்பதால் தலைவலியும் இரட்டிப்பு.

தனிப்பாடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

வெளியாட்கள் நினைப்பது: மாணவர் ஒரு கச்சேரி உருப்படியை வாசிப்பார், ஆசிரியர் பிழை திருத்துவார். அது பாடத்தின் கடைசிப் பகுதி. முன்பகுதி நீண்ட ஸ்வரங்களிலும் மூச்சிலும் போகும்.

ரெமிங்டன் பயிற்சிகள் என்று ஒரு தொகுதி இன்று டிராம்போன் படிக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். முதல் பொசிஷனில் பி-ஃபிளாட் ஊதி, அரை ஸ்வரம் கீழே போய், மீண்டும் மேலே வந்து, அடுத்து இன்னும் ஒரு பொசிஷன் கீழே என்று ஏழாவது வரை இறங்கும். பார்க்க அலுப்பாக இருக்கும். ஸ்லைடு நகரும்போது மூச்சு அறுபடாமல் இருக்கிறதா, ஸ்வரத்தின் நிறம் மாறாமல் இருக்கிறதா என்பதுதான் அங்கே சோதனை.

அப்புறம் பாட்டு. மார்கோ போர்டோனி என்ற பாட்டு ஆசிரியர் குரலுக்காக எழுதிய பயிற்சிகளை, பாஸ்டன் சிம்பொனியில் வாசித்த யோஹானஸ் ரோஷூ டிராம்போனுக்கு மாற்றி 1928-இல் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது, இன்னும் அதை மிஞ்ச எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. ஸ்லைடு இழுக்கும்போது ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கும் சத்தம் வரும். அதை நாக்கின் மிக மெல்லிய தொடுதலால் மறைத்து, பாடுவது போல வாசிக்கக் கற்பதற்கு வருடங்கள் ஆகும்.

சுருதி பற்றிய பாடம் தனி. ஒரே பொசிஷனில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பல மேற்சுரங்களை (மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை ஒன்றாக வைத்து மேல்நோக்கி எண்ணுவது வழக்கம்) எடுக்கலாம், ஆனால் இயற்கை அவற்றைப் பியானோ சுருதிக்குச் சரியாக அமைக்கவில்லை. ஓர் அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவது மேற்சுரம் சுமார் 14 சென்ட் தாழ்ந்து ஒலிக்கும். ஏழாவது சுமார் 31 சென்ட் தாழும். அதனால் நடு சி-க்கு மேலே உள்ள ஜி-யை இரண்டாம் பொசிஷனில் எடுப்பவர் ஸ்லைடை வழக்கமான இடத்தைவிட நன்றாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பொசிஷனில் அதே ஏழாவது மேற்சுரத்தைக் காப்பாற்ற வழியே இல்லை, ஸ்லைடு அதற்கு மேல் உள்ளே போகாது.

இதோடு முடிந்ததா? இல்லை. மேஜர் கோர்ட் என்ற மூன்று ஸ்வரக் கூட்டொலியில் 'மூன்றாம் ஸ்வரம்' எனப்படும் நடு ஸ்வரம் யார் கையில் இருக்கிறதோ அவர் அதைப் பியானோ சுருதியைவிட சுமார் 14 சென்ட் இறக்கினால்தான் கோர்ட் அலையடிக்காமல் நிற்கும். அடுத்த தாளக் கட்டத்தில் அதே ஸ்வரம் கோர்டின் அடிஸ்வரமாக மாறினால் கை மீண்டும் நகர வேண்டும். டியூனர் கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து வாசிக்கும் மாணவருக்கு இது முதலில் புரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசி என்பதைத்தான் ஆசிரியர் தனிப்பாடத்தில் ஒருவரிடம் சொல்கிறார், மாலையில் பேண்டில் அறுபது பேரிடம் சொல்கிறார்.

என்ன படித்திருக்க வேண்டும்?

இளங்கலை நான்கு வருடம், முதுகலை இரண்டு வருடம், அதன்மேல் இசைக்கலை முனைவர் பட்டமான டி.எம்.ஏ. நிரந்தரப் பதவி விளம்பரங்களில் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள், அல்லது அதற்கு ஈடான தொழில் அனுபவம். அந்த 'ஈடான' என்ற சொல் பெரிய இசைக்குழுவில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கான கதவு. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மை டிராம்போன் கலைஞராக 1985-இல் சேர்ந்த ஜோசப் அலெஸ்ஸி, ஜூலியர்ட் இசைப் பள்ளியிலும் கற்பிக்கிறார். அங்கே அவர் வாசிப்புதான் தகுதி.

இரட்டை வேலையைக் குறிவைப்பவர் டிராம்போனில் முனைவர் பட்டம் எடுத்துக்கொண்டே பேண்ட் நடத்துதலைத் துணைப்பாடமாகச் செய்வது புத்திசாலித்தனம். பேண்ட் இயக்குநர் பதவிக்கே போக வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே சில வருடங்கள் பள்ளி பேண்ட் ஆசிரியராக இருந்த அனுபவத்தைப் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். நேராகப் படித்து முடித்து வந்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

உட்கார்ந்து பேசும் நேர்காணல் அல்ல, ஓரிரு நாள் நீளும் பரீட்சை. வேட்பாளர் ஒரு தனிக் கச்சேரி வாசிப்பார். முன்பின் தெரியாத மாணவர் ஒருவருக்கு எல்லோர் முன்னும் பாடம் எடுப்பார். பேண்டின் முன் நின்று இருபது முப்பது நிமிடம் ஒத்திகை நடத்துவார். நடுநடுவே டீனோடு சந்திப்பு, மாணவர்களோடு பேச்சு, குழுவோடு சாப்பாடு. சாப்பாட்டு மேசையிலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கச்சேரியில் ஓரிரு ஸ்வரம் தவறுவதைப் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். பாடம் எடுக்கும்போது மாணவரைப் பேசவிடாமல் தானே வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பதை மன்னிப்பது கடினம். ஒத்திகையில் பேச்சு அதிகமானாலும் அப்படித்தான். அரை மணி நேரத்தில் பேண்டின் ஒலி சிறிதாவது மாறியிருக்கிறதா என்று பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

நடத்துநரின் வேலை மேடையில் கை அசைப்பதுதானே?

அது தெரிகிற பகுதி. தெரியாத பகுதி மேசையில், எல்லாக் கருவிகளின் வரிகளும் அடங்கிய முழு ஸ்கோரோடு.

விண்ட் பேண்ட் ஸ்கோர் படிப்பது கொஞ்சம் முரட்டு வேலை. கிளாரினெட் பி-ஃபிளாட்டில், ஆல்ட்டோ சாக்ஸபோன் ஈ-ஃபிளாட்டில், ஹார்ன் எஃப்-இல் எழுதப்பட்டிருக்கும். தாளில் இருப்பது ஒன்று, காதில் விழுவது வேறு. இருபதுக்கும் மேற்பட்ட வரிகளை மனத்துக்குள் மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் ஒத்திகைக்குப் போக வேண்டும். கேட்க வேண்டிய ஒலி மனத்தில் இல்லையென்றால், வந்த ஒலியில் என்ன தவறு என்று எப்படிச் சொல்வது?

டிராம்போன்காரரின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படும். பித்தளை வரிசையின் பிரச்சினை அவருக்கு உடனே புரியும். மரக்குழல் வரிசை அவருக்கு அந்நிய மண். கிளாரினெட்டில் தொண்டைப் பகுதி ஸ்வரத்திலிருந்து அதற்கு மேலே உள்ள ஸ்வர வரிசைக்குத் தாவும்போது ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே கணத்தில் துளைகளை மூட வேண்டும். வேகமான இடத்தில் அங்கே தட்டுத்தடுமாறும் மாணவரிடம் 'இன்னும் பயிற்சி செய்' என்பது பதில் ஆகாது. மாற்று விரலமைப்பு தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நல்ல நடத்துநர்கள் மற்ற ஆசிரியர்களின் அறைக்கதவைத் தட்டிக் கேட்கத் தயங்குவதில்லை.

எதை வாசிப்பது என்ற தேர்வும் அவருடையதே. 1952-இல் ஃபிரெட்ரிக் ஃபென்னல் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிளைத் தொடங்கியபோது, ஒரு வரிக்கு ஒருவர் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டார். நூறு பேர் சேர்ந்து ஊதும் பெரிய பேண்டின் தடித்த ஒலிக்கு மாற்றாக, ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும் குழு. அதன்பின் இசையமைப்பாளர்கள் பேண்டுக்கு எழுதும் முறையே மாறியது. அதற்கு முன்பே ஹோல்ஸ்டின் ஈ-ஃபிளாட் முதல் தொகுதியும் (1909) கிரேஞ்சரின் லிங்கன்ஷயர் போஸியும் (1937) இருந்தன. இன்றும் இவற்றை வாசிக்காமல் ஒரு மாணவர் பட்டம் வாங்கிப் போனால் அது நடத்துநரின் குறை என்றே சொல்வேன்.

அணிவகுத்து நடந்து வாசிக்கும் மார்ச்சிங் பேண்டும் பார்க்க வேண்டுமா?

இளநிலைப் பதவி என்றால் பெரும்பாலும் ஆம். இலையுதிர் செமஸ்டர் முழுவதும் ஃபுட்பால் ஆட்டங்களோடு போய்விடும், சனிக்கிழமைகளை மறந்துவிடுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் முகாம் ஆரம்பித்துவிடும். சிலருக்கு இது கொண்டாட்டம், சிலருக்குத் தண்டனை. விளம்பரத்தில் 'தடகள பேண்டுகளுக்கு உதவி' என்று ஒரு வரி இருந்தால் அதை இரண்டு முறை படியுங்கள்.

வாசிப்பைத் தொடர முடியுமா?

தொடர்ந்தே ஆக வேண்டும். மற்ற துறையினர் ஆய்வுக் கட்டுரை எழுதுவதுபோல, இங்கே கச்சேரி, ஒலிப்பதிவு, விருந்தினராகப் போய் நடத்துவது, புதுப் படைப்புகளை எழுதச் சொல்லி முதலில் வாசிப்பது ஆகியவை ஆய்வாகக் கணக்கில் வரும். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்குப் பொதுவாக ஆறாவது வருடம் டெனியூர் (நிரந்தரப் பதவி) பரிசீலனை. கிடைத்தால் இணைப் பேராசிரியர், நிரந்தரம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

புதுப் படைப்புகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், டிராம்போனுக்கான பழைய தனி உருப்படிகள் குறைவு. ஃபெர்டினாண்ட் டேவிட்டின் கான்செர்டினோ 1837, ரிம்ஸ்கி-கோர்சகோவ் ராணுவ பேண்டோடு வாசிக்க எழுதிய கான்செர்ட்டோ 1877, ஹிண்டமித்தின் சொனாட்டா 1941. வயலின்காரரோடு ஒப்பிட்டால் அலமாரி பாதிக்கு மேல் காலி. 1972-இல் தொடங்கிய சர்வதேச டிராம்போன் சங்கத்தின் திருவிழாக்களில் புதுப் படைப்புகள் நிறையக் கேட்கக் கிடைப்பதற்கு இதுவும் காரணம்.

பெண்களுக்கு இந்தத் துறை எப்படி?

முன்பைவிட மேல். ஆனால் வரலாறு நல்லதல்ல. 1980-இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் டிராம்போன் பதவிக்குத் திரைக்குப் பின்னால் நடந்த ஆடிஷனில் அமெரிக்கக் கலைஞர் ஆபி கோனன்ட் தேர்வானார். ஆடிஷன் அழைப்புக் கடிதமே 'திரு' என்றுதான் வந்திருந்தது. இரண்டே வருடத்தில் அவரை இரண்டாம் நாற்காலிக்கு இறக்கினார்கள். உடல் வலு போதாது என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார், நுரையீரல் பரிசோதனை செய்துகொண்டார், நிபுணர் முன் வாசித்துக் காட்டினார். வழக்குகள் முடிய 1993 ஆயிற்று, வென்றது அவர்தான். பிறகு ஜெர்மனியின் டிராசிங்கன் இசைக் கல்லூரியில் டிராம்போன் பேராசிரியரானார். டிராம்போனுக்கு 'வலு' வேண்டும் என்று இன்றும் யாராவது சொன்னால், இந்த வழக்கைச் சொல்லிக் காட்டலாம்.

உடம்பு தாங்குமா?

உதடு தசைதான், அதிகமாகப் பிழிந்தால் காயப்படும். பாடம் எடுக்கும் நாளெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு மாலையில் கச்சேரிக்குப் போவது ஆபத்தான பழக்கம். காது இன்னும் பெரிய கவலை. அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். பேண்ட் அறை அதைச் சுலபமாகத் தாண்டும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யும் காதடைப்பான்கள் உண்டு. காதை வைத்துப் பிழைப்பவர்கள் அதைப் போட வெட்கப்படுவது எனக்கு விளங்கியதே இல்லை.

சம்பளம்?

மாநிலத்துக்கு மாநிலம், பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கானது, கோடைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இரண்டு, பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பாட நேரத்தை வைத்துத்தான் கூலி. பல டிராம்போன் ஆசிரியர்கள் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டே வருடக்கணக்கில் வாழ்கிறார்கள்.

வேலை கிடைக்குமா, நேராகச் சொல்லுங்கள்.

கடினம். ஒரு பள்ளிக்கு ஒரு டிராம்போன் பேராசிரியர்தான், வந்தவர் சுலபத்தில் எழுந்து போவதும் இல்லை. ரெமிங்டன் ஈஸ்ட்மனில் 1922 முதல் 1971 வரை கற்பித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரெவெல்லி பேண்டுகளை 1935 முதல் 1971 வரை நடத்தினார். இடம் காலியாவதற்குள் ஒரு தலைமுறையே பட்டம் வாங்கிவிடும். டிராம்போன் மட்டும் தெரிந்தவரைவிட, பேண்டும் நடத்துவேன், ஜாஸும் தெரியும், யூஃபோனியமும் கற்பிப்பேன் என்பவருக்கு விளம்பரங்கள் அதிகம் பொருந்தும்.

மாற்று வழிகள் மோசமானவை அல்ல. பள்ளி பேண்ட் ஆசிரியர் வேலை நிலையானது. ராணுவ பேண்டுகள் முழுநேரச் சம்பளம் தரும். 1798-இல் தொடங்கிய மரைன் பேண்டில் ஆடிஷனில் தேறியவர்களுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சி கூடக் கிடையாது.

எந்த வயதில் தொடங்கலாம்?

பத்து, பதினொன்று வயதில் பலர் தொடங்குகிறார்கள். ஏழாம் பொசிஷனுக்குக் கை எட்டாது, பரவாயில்லை. கூடுதல் குழாயைத் திறக்கும் எஃப் வால்வு உள்ள டிராம்போனில் ஆறாம், ஏழாம் பொசிஷன் ஸ்வரங்கள் பலவற்றை அருகிலேயே எடுக்கலாம். யூஃபோனியத்தில் தொடங்கிப் பிறகு மாறுவதும் உண்டு, மவுத்பீஸ் அளவு நெருக்கமானது.

ஒரு பல்கலைக்கழகத்தில் சேரும் முன் அங்கே உள்ள பேராசிரியரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் ஒரு பாடம் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வாசிப்பு மாறியதா என்று பாருங்கள். பிறகு, வாராந்திரப் பாடத்தை அவரே எடுப்பாரா, முதுகலை மாணவர் எடுப்பாரா என்று கேளுங்கள். முதல் வருட மாணவருக்கு எந்தக் குழுவில் இடம், முதன்மை பேண்டுக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதும் முக்கியம். கடைசியாகப் பட்டம் வாங்கிப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சிலர் தயங்குவார்கள். ஆசிரியரிடம் கேட்டு முடித்ததும் தாழ்வாரத்தில் நிற்கும் மாணவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் நான் மாணவர்கள் சொல்வதைத்தான் நம்புவேன்.